நிலக்காரருக்கு ஜப்தி, நமக்குத் தவணை

'ஆட்சியர் அலுவலகத்தில் ஜப்தி' என்ற செய்தி தமிழ்நாட்டில் புதிதல்ல. நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருவதுதான். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு தரவில்லை, நீதிமன்ற அமீனா வந்தார், ஜீப்பிலும் மேசை நாற்காலியிலும் கணினியிலும் நோட்டீஸ் ஒட்டினார், அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தி அவகாசம் கேட்டார்கள், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். எந்த மாவட்டத்தின் பெயரைப் போட்டாலும் செய்தி பொருந்தும். செஞ்சி பேருந்து நிலைய டீக்கடைகளில் இதைப் படிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் படிப்பார்கள். 'கலெக்டர் நாற்காலியையே தூக்கிட்டானாம்பா' என்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். எங்களுக்கும் உண்டு.

ஆனால் இந்தச் செய்திகளில் பலவற்றில், நாலாவது ஐந்தாவது வரியில், ஒரு விவரம் வரும். அந்த நிலம் ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக எடுக்கப்பட்ட நிலம். இந்தப் பதிவு அந்த வரியைப் பற்றியது.

1978இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டம் எண் 31. அன்றைய பெயரில் சொன்னால் 'அரிசன' நலத்திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1894ஆம் வருடத்து நில எடுப்புச் சட்டத்தின்படி போனால் சேரிக்கு மனை வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும் என்பதால் வந்த குறுக்கு வழி அது. இன்று நாம் காலனி என்று சொல்கிற குடியிருப்புகள் பலவும், சில ஊர்களில் சுடுகாட்டுக்குப் போகிற பாதையும்கூட, இந்தச் சட்டத்தால் கிடைத்தவை. நிலக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் சட்டமே செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு போனது. 1994 நவம்பரில், ஆனந்தி அம்மாள் வழக்கில், உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒன்றை மட்டும் வெட்டியது. இழப்பீட்டுத் தொகையைத் தவணை தவணையாகக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. அது செல்லாது. நிலத்தை எடுத்தால் பணத்தை மொத்தமாகக் கொடு.

அந்தத் தீர்ப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரு ஏக்கரும் முக்கால் ஏக்கருமாக வைத்திருந்து அதையும் கொடுத்தவர்கள் நிலக்காரர்களில் உண்டு. எடுத்த நிலத்துக்கு உரிய விலை கொடுப்பதுதான் முறை. 'தவணை' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடியும் வரும்.

இழப்பீடு போதாது என்று நிலக்காரர் நீதிமன்றம் போகிறார். நீதிமன்றம் சென்ட்டுக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுக்கிறது. அரசு கட்டுவதில்லை. அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை உடனே நிறைவேற்றக் கேட்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறது. மூன்று மாதம் கழித்து வக்கீல் நிறைவேற்று மனு போடுகிறார். நீதிமன்றத்து ஆட்கள் இதை 'இ.பி.' என்பார்கள். நோட்டீஸ் போகிறது. அரசுத் தரப்பு வக்கீல் வாய்தா கேட்கிறார். இன்னொரு வாய்தா. கடைசியில் நீதிபதி பொறுமை இழந்து அசையும் சொத்துகளை ஜப்தி செய்ய உத்தரவு போடுகிறார். பேட்டா கட்டினால் நாசர் பிரிவிலிருந்து வாரண்ட் அமீனா கைக்குப் போகும். ஒருநாள் காலையில் அமீனா, வக்கீல், நிலக்காரர் மூவரும் ஆட்சியர் அலுவலகத்திலோ தனி வட்டாட்சியர் அலுவலகத்திலோ போய் நிற்பார்கள்.

அமீனா உண்மையில் நாற்காலியைத் தூக்குவது அபூர்வம். தூக்கவேண்டிய தேவையும் இல்லை. நாற்காலியை விற்றால் என்ன வரும்? அது பணத்துக்கான ஜப்தி இல்லை, மானத்துக்கான ஜப்தி. அதிகாரியின் ஜீப் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும் படம் மறுநாள் பேப்பரில் வந்தால், ஐந்து வருடம் நகராத கோப்பு ஐந்து வாரத்தில் தலைமைச் செயலகம் வரை போய் வரும். சம்பந்தப்பட்ட எழுத்தர்களிடம் நாங்கள் கேட்டிருக்கிறோம். 'ஜப்தி கேஸ்' என்று சிவப்பு மையில் எழுதிய கோப்பு எப்போதும் கட்டின் மேலேதான் இருக்கும் என்றார்கள்.

இதனால் காலனி மக்கள் தலையில் விழுவது வேறு. அரசு தாமதிக்கத் தாமதிக்க வட்டி ஏறும். ஊரில் பேச்சு கிளம்பும். 'இவங்களுக்கு மனை கொடுக்கத்தான் எங்க நெலத்தப் புடுங்கினாங்க, காசும் வரல.' பணத்தைப் பிடித்து வைத்திருப்பது அரசு. கோபத்தை வாங்குவது காலனி. நிலக்காரர் கோபித்துக்கொண்டால் மறுநாள் அவர் கழனியில் வேலை இருக்காது, அவர் வரப்பில் மாடு ஓட்ட முடியாது. செஞ்சியைச் சுற்றி, வல்லம் பக்கமும் மேல்மலையனூர் பக்கமும், பட்டா கையில் இருந்தும் மனையில் கால் வைக்காத குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேட்டால் 'கேஸ் இருக்குதாம்' என்பார்கள். எந்தக் கேஸ், எந்த நீதிமன்றம், யார் போட்டது, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தங்கள் பெயரில் பட்டா வந்த நிலத்தைப் பற்றிய வழக்கில் அவர்கள் ஒரு தரப்பாகக்கூட இருக்க மாட்டார்கள்.

இனி இன்னொரு வகைப் பாக்கிக்கு வருகிறோம்.

பக்கத்து மாவட்டம் ஒன்றில் ஒரு அக்கா. கணவரைச் சாதிக் கொலையில் பறிகொடுத்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளின்படி கொலைக்கான தீருதவித்தொகை எட்டு லட்சத்து 25 ஆயிரம். பாதி, பிரேதப் பரிசோதனை முடிந்ததும். மறுபாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். முதல் பாதி நாலாவது மாதம் வந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி ஒரு வருடம் தாண்டியும் மறுபாதி வரவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமையாகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போனோம். 'நிதி ஒதுக்கீடு வரல' என்பதுதான் பதில். அதைச் சொன்னவரும் அலுத்துப்போய்த்தான் சொன்னார்.

அப்படிப் போன ஒரு திங்கட்கிழமை, அதே வளாகத்தில், நில எடுப்பு வழக்கு ஒன்றுக்காக அமீனா வந்திருந்தார். நல்ல கூட்டம். அதிகாரி ஒருவர் மாடியிலிருந்து ஓடி வந்தார். நிலக்காரருக்கு நாற்காலி போட்டார்கள், டீ வந்தது, அரைமணி நேரத்தில் எழுத்து மூலமாக ஒரு தேதி கொடுத்தார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: 'நம்மளுக்கும் இந்த மாதிரி ஒருத்தரக் கூட்டியாற முடியாதா தம்பி?'

முடியாது. ஏன் முடியாது என்று அவருக்கு விளக்க எங்களுக்கு நேரம் பிடித்தது. நாங்களே அதுவரை அதை அப்படி யோசித்ததில்லை.

ஜப்திக்கு அடிப்படை தீர்ப்பாணை. யாரோ ஒருவர் வாதியாக இருந்து, எதிராளிக்கு எதிராக, இவ்வளவு தொகை என்று உரிமையியல் நீதிமன்றம் முடிவு சொல்லியிருக்க வேண்டும். வன்கொடுமைத் தீருதவி அப்படி வருவதில்லை. அது விதி 12இன் கீழ் மாவட்ட நிர்வாகம் தருவது. 2016 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், அறிவிக்கப்பட்ட திருத்த விதிகள் ஏழு நாளுக்குள் நிவாரணம் தரவேண்டும் என்கின்றன. குற்றத்தைப் பொறுத்து 85 ஆயிரம் முதல் எட்டேகால் லட்சம் வரை தொகையை வரையறுக்கின்றன. கருவூலத்திலிருந்து உடனே பணம் எடுக்க ஆட்சியருக்கு அதிகாரம் கொடுக்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. காகிதத்தில் இதைவிட நல்ல விதி வேண்டாம். ஏழு நாள் எழுபது நாளானால் என்ன என்பதற்கு மட்டும் பதில் இல்லை. வட்டி கிடையாது, வாரண்ட் கிடையாது, நோட்டீஸ் ஒட்ட ஆள் கிடையாது. உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதையும் மதிக்காவிட்டால் அவமதிப்பு வழக்குப் போடலாம். கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண் செஞ்சியிலிருந்து சென்னைக்கு எத்தனை முறை போய் வருவார்?

அடுத்தது தவணை. சாதி சொல்லித் திட்டியது போன்ற பல குற்றங்களுக்குத் தொகை ஒரு லட்சம். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 விழுக்காடு, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு 50, எதிரி தண்டிக்கப்பட்ட பிறகு மீதி 25. தண்டனை கிடைக்காவிட்டால் கடைசித் தவணை இல்லை. புலனாய்வு சொதப்பினால், சாட்சி பிறழ்ந்தால், ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து ஒருவர் பின்வாங்கினால், அதன் விலையையும் பாதிக்கப்பட்டவரே கொடுக்கிறார். நிலத்தின் விலையைத் தவணையில் தரக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன மறு வருடம், 1995இல், நம்முடைய நிவாரணத்தைத் தவணையில் தருகிற விதிகள் வந்தன. இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதவில்லை என்பது தெரிந்ததுதான். நிலம் எடுப்பது உரிமை இழப்பு, அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அடிபட்டவருக்குக் கொடுப்பது அரசின் இரக்கம், அது இயன்றபோது வரும். அந்த எண்ணம் இரண்டு தாளிலும் இருக்கிறது. 'நிவாரணம்' என்ற சொல்லே அதைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளத்துக்குக் கொடுப்பதும் நிவாரணம்தான்.

ஜப்தி என்ற ஏற்பாட்டுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய உறவு. ஜப்தி, அமீனா, நாசர், வக்காலத்து, தாசில்தார் எல்லாம் அரபு, பாரசீக வழியில் வந்த சொற்கள். கப்பப் பாக்கிக்காக ஆற்காட்டு நவாபின் படை வந்து, 1714இல் தேசிங்கு ராஜன் செத்து, கோட்டையே கைமாறிய ஊர் இது. அந்தக் கோட்டையின் குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ராஜகிரியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். சக்கிலி துர்க்கத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

நாம் சொல்லவந்தது பறை. 1908ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், கட்டளை 21, விதி 54 என்று ஒன்று உண்டு. அசையாச் சொத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்தில் தமுக்கு அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது. நிலத்தை ஏலம் விடும்போதும் அப்படித்தான். இன்றும் அந்த வாசகம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. நீதிமன்ற வழக்கில் இதற்கு 'டாம்டாம்' என்று பெயர். யார் அடித்தது? முன்சீப் வந்து அடித்தாரா, அமீனா அடித்தாரா? எங்கள் பகுதியில் வயதானவர்கள் சொல்வார்கள், ஊர்க்காரர் ஒருவரின் நிலம் கடனுக்கு முழுகினால் அதை ஊரறியச் சொல்லும் வேலையும் சேரி ஆளுக்குத்தான் வரும். நீதிமன்றத்தின் பேரில், அரைக்கூலிக்கு, அடுத்த நாள் வேலை கேட்டுப் போகவேண்டிய வீட்டு வாசலிலேயே போய்ப் பறை அடிக்க வேண்டும். நிலத்தை இழந்தவர் நீதிபதியைத் திட்ட முடியாது. பறை அடித்தவரைத் திட்டுவார். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, கிராமங்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். சட்டப் புத்தகத்தில் இருக்கும் தமுக்கைத்தான் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

கடன்காரராகவும் நாம் இந்தச் சட்டத்தைச் சந்தித்திருக்கிறோம். இங்கே ஒரு விஷயத்தை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 60ஆம் பிரிவின்படி எந்தத் தீர்ப்பாணைக்கும் ஜப்தி செய்யக்கூடாத பொருட்கள் உண்டு. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, அதாவது நம் ஊரில் தாலி. தொழிலாளியின் கருவிகள். உழவரின் ஏர், மாடு, விதை நெல். கூலியாளோ விவசாயியோ குடியிருக்கும் சொந்த வீடு. கூலியாளின் கூலி. வீட்டுக்குள் பொழுது சாய்ந்து விடிவதற்குள் யாரும் ஜப்திக்காக நுழையக்கூடாது என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு 'கட்டற வரைக்கும் போக மாட்டேன்' என்பது ஜப்தி இல்லை, அடாவடி. அதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. கடனைக் கட்ட வக்கில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இலேயே எழுதிவிட்டார். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு.

இன்னும் ஒரு நல்ல சட்டம் உண்டு. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடன் ஒழிந்தது என்று மட்டும் அது சொல்லவில்லை. அந்தக் கடனுக்காக முன்பு வாங்கிய தீர்ப்பாணைகள் தீர்ந்துவிட்டதாகக் கருதப்படும், போட்ட ஜப்திகள் நீங்கும், நீதிமன்றக் காவலில் இருக்கும் பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்றது. அமீனா தூக்கிப்போன அண்டாவை அமீனாவே கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரு சட்டம் மனது வைத்தால் எதுவரை போகும் என்பதற்கு எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களிடம் பேசும்போது நாங்கள் இதைத்தான் முதலில் சொல்வோம். நம்ப மாட்டார்கள்.

பேருந்து ஜப்தியைப் பற்றியும் கொஞ்சம். அரசுப் பேருந்தை அமீனா நிறுத்துவதும் பயணிகள் மூட்டையோடு இறங்கி நிற்பதும் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்த காட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, தனியாக ஒரு நிதி வைத்திருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்கிறது. காப்பீட்டு நிறுவனம் இல்லை, கழகத்திடம் காசு இல்லை, ஆகவே பேருந்தே மாட்டுகிறது. இதில் எங்கள் மக்களுக்கு ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. மணிலா பிடுங்கவும் கரும்பு வெட்டவும் நடவுக்கும் திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலைகளில் லோடு வண்டிகளில் நின்றபடி போகிறவர்கள் யார் என்று செஞ்சியில் சொல்லத் தேவையில்லை. அந்த வண்டி கவிழ்ந்தால், சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிய ஆளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை. உச்சநீதிமன்றம் 2002இல் ஆஷா ராணி வழக்கில் சொன்னது. தீர்ப்பாயம் தொகை போடும், வண்டி உரிமையாளர் மேல். அவரிடம் அந்த ஒரு வண்டிதான் இருக்கும், அதுவும் ஃபைனான்ஸில் இருக்கும். ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? அரசுப் பேருந்து மோதிச் செத்தால் பேருந்தைப் பிடிக்கலாம், வேலைக்குப் போகும் வண்டியில் செத்தால் தீர்ப்பை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். பேருந்து வராத காலனிக்குத்தான் லோடு வண்டி வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வாங்குவது பாதி வேலைகூட இல்லை என்பது பழைய கதை. இந்தியாவில் வழக்காடியின் கஷ்டம் தீர்ப்பாணை கையில் வந்த பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872இலேயே சலித்துக்கொண்டது. 2025 மார்ச்சில், பெரியம்மாள் வழக்கில், உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் தேங்கிய நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், 1986இல் போட்டது. அக்டோபரில் கணக்குப் பார்த்தபோது எட்டு லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல் இன்னும் நிலுவை. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரம் என்று செய்தி வந்தது. இந்தக் கணக்கிலும் நம் அக்காவின் நாலு லட்சத்துச் சொச்சம் இல்லை. அது தீர்ப்பாணை இல்லையே, எந்தப் பட்டியலில் வரும்?

அரசுக்கு நாம் பாக்கி வைத்தால் கதை வேறு. 1864ஆம் வருடத்து வருவாய் வசூல் சட்டம் இருக்கிறது. நீதிமன்றமே வேண்டாம், ஆட்சியரே ஜப்தி செய்யலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஜப்தி கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. 1989இல் சட்டம் வந்தபோதே 7ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். குற்றத்துக்குப் பயன்பட்ட சொத்தைத் தண்டனையோடு சேர்த்துப் பறிமுதல் செய்யலாம். விசாரணை நடக்கும் காலத்திலேயே எதிரியின் சொத்து முழுவதையுமோ ஒரு பகுதியையோ சிறப்பு நீதிமன்றம் ஜப்தி செய்து வைக்கலாம், தண்டனை வந்தால் அபராதத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீடு கொளுத்த வந்த டிராக்டரை, ஆளைத் தூக்கிப்போன காரை நினைத்துப் பாருங்கள். நாங்கள் கூடப்போன வழக்குகள் ஒன்றிலும் அரசு வழக்கறிஞர் இதைக் கேட்டதில்லை. ஒருவரிடம் சொன்னபோது அவர் புத்தகத்தைப் புரட்டி, 'அட, ஆமா இருக்குதே' என்றார். எதிரி சாட்சியிடம் பேரம் பேச வரும்போது அவர் கையில் இருப்பது இந்தச் சொத்துதான். நிலத்தை ஜப்தியில் வைத்துவிட்டால் அடமானம் வைத்துச் சமாதானத்துக்குப் பணம் புரட்ட முடியாது. இந்தப் பிரிவு தூங்குவதால் யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து நாங்கள் எழுதியிருக்கும் கோரிக்கை சிறியது. விதி 12இன் கீழ் வரவேண்டிய தொகை குறித்த நாளில் வராவிட்டால், பாதிக்கப்பட்டவர் அதே சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட வழி வேண்டும். நீதிமன்றம் பாக்கியைக் கணக்கிட்டு உத்தரவு போட்டால், அது தீர்ப்பாணைபோலவே நிறைவேற வேண்டும். அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் வேண்டுமென்றால் இருக்கட்டும், நிலக்காரரும் மூன்று மாதம்தானே பொறுக்கிறார். வட்டி உண்டு. கடைசித் தவணையைத் தண்டனையோடு கட்டிப்போடக் கூடாது. விதியைத் திருத்துவது ஒன்றிய அரசின் வேலை. ஆனால் காலக்கெடுவை மீறிய தொகைக்கு வட்டி தருவோம் என்று மாநில அரசு ஓர் அரசாணை போடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

'அப்படின்னா ஆதிதிராவிடர் நலத்துறை ஆபீசையே ஜப்தி பண்ணணும்ங்கிறீங்களா, அது நம்ம துறையாச்சே' என்று ஒரு தோழர் கேட்டார். நலத்துறை நாற்காலியில் நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்க்க எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மனை நிலத்துக்காக அதே துறையின் நாற்காலியில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீதிமன்ற ஜப்தி வராதவரை கையில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலும் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேதியும் கட்டாயம் வாங்கி வையுங்கள். தவணை பிறக்கும் நாள் அதுதான். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், சீட்டு இல்லாத மனு கொடுக்காத மனு. கொலை வழக்கென்றால் தொகையோடு நிற்காதீர்கள். மனைவிக்கோ சார்ந்திருப்பவருக்கோ மாதம் ஐயாயிரம் அடிப்படை ஓய்வூதியமும் அதற்கான அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் விதியில் இருக்கின்றன. அகவிலைப்படியை விட்டுவிட்டு ஐயாயிரம் மட்டும் போடுகிற இடங்கள் உண்டு, கணக்குப் பார்த்துக் கேளுங்கள். தீர்ப்பாணை கையில் இருக்கிற குடும்பங்களுக்கு ஒன்று: நிறைவேற்று மனு போடப் பன்னிரண்டு வருடம் அவகாசம் உண்டு. அப்பா காலத்துத் தீர்ப்பு பெட்டியில் கிடந்தால் தேதியைப் பாருங்கள், பன்னிரண்டு ஆகியிருக்காவிட்டால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அக்காவுக்கு ரிட் போட்டிருக்கிறோம். எதிர்மனுதாரராக வரும் அலுவலகத்திலிருந்து போன வாரம் போன் வந்தது. வழக்கை வாபஸ் வாங்கினால் நிதி வந்ததும் முன்னுரிமை தருவார்களாம். அதையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம், தேதி போட்டு.